மேல் தட்டில் இருந்த பழுப்பு பாட்டில்

வேதியியல் துறையில் அவளுக்கு 'வேணாம் அக்கா' என்று பெயர். அந்தப் பெயரை வைத்தது யார் என்று யாருக்கும் தெரியாது. பொருந்தவில்லை என்று சொன்னவரும் இல்லை. ரசாயனக் கிடங்கு அவள் பொறுப்பு. அதோடு துறையின் பாதுகாப்பையும் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று எப்போதோ ஒரு துறைத்தலைவர் போகிற போக்கில் சொல்லிவிட்டு ஓய்வு பெற்றுப் போய்விட்டார். அதிகாரம் எதையும் அவள் கையில் கொடுத்துவிட்டுப் போகவில்லை. அவளிடம் இருந்ததெல்லாம் ஒரு சாவிக்கொத்தும் ஒரே ஒரு சொல்லும்தான். செருப்போடு ஆய்வகத்துக்குள் வந்தால் வேணாம். கையுறை போட்ட கையால் கதவுப்பிடியைத் தொட்டால் வேணாம். முடியை விரித்துப் போட்டுக்கொண்டு சூடேற்றும் தட்டின் பக்கம் குனிந்தால் வேணாம். கழிவு கேனைக் கழுத்துவரை நிரப்பினால் வேணாம்மா, வேணாம்ப்பா. பிள்ளைகள் பவ்யமாகத் தலையாட்டுவார்கள். அவள் தாழ்வாரத்து மூலை திரும்பும்வரை பாதுகாப்புக் கண்ணாடி கண்ணில் இருக்கும். திரும்பியதும் நெற்றிக்கு ஏறிவிடும்.

வீட்டிலும் இதே பாட்டுதான். தம்பியோடும் தம்பி மனைவியோடும் இருந்தாள். சர்க்கரை டப்பாவிலும் உப்பு டப்பாவிலும் திறந்த தேதியை எழுதி ஒட்டிவைப்பாள். வெளியே கிளம்பிக் கதவைப் பூட்டிய பிறகு, கேஸ் மூடியிருக்கிறதா என்று பார்க்க மறுபடி திறந்துகொண்டு உள்ளே போவாள்.

"வெங்காயம் நறுக்கறேன் அண்ணி. கண்ணாடி குடுக்க மாட்டீங்களா?" என்று தம்பி மனைவி சீண்டுவாள்.

"நீ அழறப்போ அழகா இருக்கே. அப்படியே நறுக்கு."

தம்பிக்கும் அந்தத் துறையிலேயே வேலை. ஆய்வக உதவியாளன். அம்மா போனபோது அவனுக்கு இடுப்பில் கால்சட்டை நிற்காத வயது, வளர்த்தது அக்காதான். படிப்பு ஏறவில்லை, சேர்ந்த வேலைகளும் ஒட்டவில்லை. கடைசியில் அவள்தான் ஒரு பேராசிரியரின் அறை வாசலில் போய் நின்று, கூச்சத்தை விழுங்கிக்கொண்டு, "என் தம்பிக்கு ஏதாவது பாருங்க சார்" என்று கேட்டாள். அவன் வந்து சேர்ந்த பிறகுதான் தெரிந்தது, அவனுடைய திறமையெல்லாம் கையில் இருந்தது என்று. நிதானமான கை. அவன் கழுவி அடுக்கிய கண்ணாடிக் குழாய்களில் ஒன்றில்கூடக் கீறல் விழுந்ததில்லை. அவள் உள்ளுக்குள் பூரித்துப்போனாள். வெளியில் காட்டிக்கொள்ளவில்லை.

அந்தப் பேராசிரியருக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு, 'அப்புறம் சார்'. தங்கமான மனிதர். யாரிடமும் குரலை உயர்த்தியதில்லை. யார் எதைக் கேட்டாலும் மறுத்ததும் இல்லை. "அப்புறம் பாத்துக்கலாம்மா" என்பார், அவ்வளவுதான். புகை உறிஞ்சும் கூண்டின் விசிறி முனகுகிறது சார். அப்புறம் பாத்துக்கலாம். கண் கழுவும் குழாயில் துருத்தண்ணி வருது சார். அப்புறம் பாத்துக்கலாம்மா. அதை அவர் சொல்லும் விதத்தில் கேட்டவருக்கே, நாம்தான் அவசரக்குடுக்கையோ என்று தோன்றிவிடும்.

அவரது ஆய்வகத்தில் ஒரு வழக்கம் இருந்தது. ஆராய்ச்சி முடித்து ஒருவர் கிளம்பும்போது கேக் வெட்டுவார்கள், படம் எடுப்பார்கள், பிறகு அவருடைய அலமாரிச் சாவியைப் புதிதாக வந்தவரிடம் ஒப்படைப்பார்கள். அலமாரி மட்டும் கைமாறும். உள்ளே இருப்பதை யாரும் கிளற மாட்டார்கள். போனவர் விட்ட பாட்டில்களைப் பின்னால் தள்ளிவிட்டு, வந்தவர் தன்னுடையதை முன்னால் அடுக்குவார். தூக்கிப் போட மனசு வராது, எதற்காவது உதவும் என்ற எண்ணம். அந்தப் பின்வரிசையில் என்னென்ன இருக்கிறது என்று பல ஆண்டுகளாக ஒருவருக்கும் தெரியாது.

பின்வரிசையை நினைத்துத்தான் அக்காவுக்குத் தூக்கம் போனது. ஈதர் வகைத் திரவங்கள் சிலவற்றுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. மூடி திறந்து காற்றுப் பட்ட பாட்டில் மாதக்கணக்கில் கிடந்தால், உள்ளே ஒரு சத்தமும் இல்லாமல் வெடிமருந்து மாதிரி ஒன்று உருவாகும். ஊசி ஊசியாகப் படிகம் பூக்கும். மூடியைத் திருகினால் வெடிக்கலாம், பாட்டிலைத் தட்டி வைத்தால் வெடிக்கலாம். வெடிக்காமலும் போகலாம். எப்போது எது என்று சொல்ல முடியாததுதான் அதன் மகா கெட்ட குணம். சாப்பிட உட்கார்ந்தால் இதைத்தான் பேசுவாள். தம்பி அவள் வாயசைவுக்கு முன்னாலேயே ஒப்பித்துக் காட்டி மனைவியைச் சிரிக்க வைப்பான்.

அவளுக்குக் கிடைத்த வெற்றி என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால், அது அலமாரித் தட்டுகளின் விளிம்புக் கட்டை. ஒருமுறை பக்கத்து மேசைப் பம்பு அதிர்ந்து அதிர்ந்து, தட்டிலிருந்த ஒரு பாட்டில் தானாக நகர்ந்து வந்து தரையில் விழுந்து உடைந்தது. அதைப் பிடித்துக்கொண்டு நடையாய் நடந்து, எல்லாத் தட்டுகளின் முன்விளிம்பிலும் ஒரு மரக்கட்டையை அடிக்க வைத்தாள். தச்சர் காட்டிய உயரம் அவளுக்குப் போதவில்லை. "இன்னும் ஒரு விரல் உயரம் வைங்கண்ணே, பாட்டில் தாண்டக்கூடாது" என்று பக்கத்தில் நின்று அடிக்க வைத்தாள். அதற்குப் பிறகு ஒரு பாட்டிலும் விழவில்லை.

புதுக் கட்டடம் தயாராகி, ஆய்வகத்தை வாரக் கடைசிக்குள் காலி செய்யச் சொல்லி உத்தரவு வந்தது. அக்கா பேராசிரியரின் வாசலில் போய் நின்றாள்.

"சார், பின்வரிசையை மட்டும் இப்படியே தூக்க வேணாம். தெரிஞ்ச ஆளுங்களைக் கூப்பிட்டுப் பாக்கச் சொல்லிட்டு அப்புறம் தொடலாம்."

"செய்யலாம்மா. இப்போ லாரி வந்து நிக்குது. அங்க போய்ப் பிரிக்கறப்போ அப்புறம் பாத்துக்கலாமே."

அதற்கு மேல் அவளால் போக முடிந்த வாசல் எதுவும் இல்லை. தம்பியைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"முன்வரிசையை மட்டும் எடு. பின்வரிசைல கை வைக்காதே. நான் வந்து பாத்துக்கறேன்."

"சரிக்கா."

"சரிக்கான்னு சொல்லிட்டுத் தொடாதே."

"தொடலைக்கா. எழுதி ஒட்டிக்கவா நெத்தியில?"

அவன் சொன்ன சொல்லைக் காப்பாற்றினான். தவறு வேறெங்கோ நடந்தது. நாம்தான் கொஞ்சம் உதவுவோமே என்று ஓர் ஆராய்ச்சி மாணவன் காலையிலேயே வந்து, மேல் தட்டின் முன்வரிசையைப் பெட்டியில் கட்டிவைத்துவிட்டு வகுப்புக்குப் போய்விட்டான். பிற்பகல் தம்பி முக்காலியைப் போட்டு ஏறியபோது கண்ணுக்கு நேரே ஒரு வரிசை பாட்டில் தெரிந்தது. அதுதான் முன்வரிசை என்று நினைத்தான். வேறு எப்படி நினைப்பான்?

சாப்பாட்டுக்குப் பிறகு அக்கா அந்தப் பக்கம் வந்தாள். ஜன்னலோரம் ஓர் ஆராய்ச்சி மாணவி குடுவைகளைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டிருந்தாள். தம்பி முக்காலிமேல் அலமாரியைப் பார்த்து நின்றான். ஏதோ பலகைபோல அசையாமல் நின்றான்.

"என்னடா, சிலை மாதிரி?"

"அக்கா." அவன் திரும்பவில்லை. குரல் அடியிலிருந்து வந்தது. "உள்ள வராதே."

"ஏன்?"

"பாட்டில்ல ஊசி ஊசியா இருக்கு."

அவள் வாசலிலேயே பக்கவாட்டாக நகர்ந்து பார்த்தாள். நெஞ்சோடு சேர்த்து இரண்டு கையாலும் ஒரு பழுப்பு பாட்டிலைப் பிடித்திருந்தான். ஜன்னல் வெளிச்சம் பழுப்புக் கண்ணாடியை ஊடுருவியது. மூடிக்கு அடியில் வெள்ளையாகப் பூத்திருந்தது. அடியிலும் ஏதோ கொத்தாகக் கிடந்தது. சாப்பாட்டு மேசையில் அவள் ஆயிரம் முறை வர்ணித்தது, வர்ணித்தபடியே இருந்தது.

 அவள் வாய் பழக்கத்தில் தானாகப் பேசியது.

"அம்மாடி, கையில இருக்கறதை அப்படியே வச்சுட்டு மெதுவா எழுந்து வெளிய வா. ஓடாதே. கதவை இடிக்காதே."

அந்தப் பெண் எழுந்தாள். வரும் வழியில் நெற்றியிலிருந்த கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கிக்கொண்டாள். அக்கா சொல்லாமலேயே துறையில் ஒருவர் கண்ணாடி போட்டு அன்றைக்குத்தான் பார்த்தாள்.

அபாய மணியை அடிக்கும் சிவப்புப் பெட்டி வாசலோரம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. மாதாமாதம் அவளே அடித்துப் பார்த்துச் சரி என்று சொன்ன மணி. கை பாதி தூரம் போய் நின்றுவிட்டது. மணி இருப்பது தம்பியின் தலைக்கு நேர் மேலே. அது அலறினால் எவனுக்கும் தூக்கிவாரிப் போடும்.

"ஒவ்வொரு அறையா தட்டி எல்லாரையும் வெளிய அனுப்பு. வாட்ச்மேனைக் கூப்பிடு. மணி மட்டும் யாரும் அடிக்க வேணாம்," என்று மாணவியிடம் சொல்லிவிட்டு, அக்கா அவசர உதவிக்குப் போன் செய்தாள். எடுத்தவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"நாங்க வந்துடறோம். யாரும் உள்ள போகாதீங்க. அவரை அசையாம நிக்கச் சொல்லுங்க."

"எவ்வளவு நேரமாகும்?"

"சீக்கிரம் வந்துடுவோம்மா."

"சீக்கிரம்னா?"

"ரோட்டுல நெரிசல். கிளம்பிட்டோம்."

வாசற்படியில் நின்று அவள் உள்ளே பார்த்தாள். முக்காலியின் ஒரு கால் குட்டை. ஆடாமல் இருக்க அட்டையை மடித்து அதன் அடியில் வைத்தது அவள்தான். புது முக்காலி கேட்டதற்கும் அப்புறம்தான் பதில். மேசை முழுக்கக் குடுவைகள், ஓர் உள்ளங்கை அகலம்கூட இடம் இல்லை. தம்பியின் எதிரே மேல் தட்டு. பாட்டில் இருந்த இடம் காலியாகத்தான் இருந்தது. அதற்கு முன்னால் விளிம்புக் கட்டை.

அப்போது அவன் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. பாட்டில் சாய்ந்திருந்த அதே பை. அவன் கண்ணை மூடிக்கொண்டான். அதிர்ந்து நின்றது. மறுபடி அதிர்ந்தது.

"அவதான்," என்றான். "எடுக்கலைன்னா விடமாட்டா."

அக்கா தாழ்வாரத்தில் நாலு எட்டு தள்ளிப் போய்த் தம்பி மனைவியைக் கூப்பிட்டாள்.

"அவனுக்குப் போன் பண்ணாதே."

"ஏன் அண்ணி?"

"மீட்டிங்ல இருக்கான்."

"அவரா? அவரை எதுக்கு மீட்டிங்குக்குக் கூப்பிட்டாங்க, நாற்காலி எடுத்துப் போடவா?"

"ஆமா. பெரிய மீட்டிங்."

"சரி சரி. வரப்போ சோப்புத்தூள் வாங்கிட்டு வரச் சொல்லுங்க. துணியெல்லாம் ஊறப்போட்டுட்டு டப்பாவைத் திறந்தா காலி."

"சொல்றேன். நீ கூப்பிடாதே."

"உங்க குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கு?"

"தூசி. இடம் மாத்தறோம்ல."

"மாஸ்க் போட்டுக்கோங்க அண்ணி," என்று சிரித்துவிட்டு அவள் வைத்தாள்.

அக்கா திரும்பி வந்தாள். "சோப்புத்தூள் வேணுமாம்."

"சிரிக்க வைக்காதேக்கா," என்றான் அவன். முதுகு மட்டும் லேசாகக் குலுங்கியது. 

தாழ்வாரத்தின் கோடியில் வாட்ச்மேன் இரண்டு கைகளையும் விரித்து யாரையோ மறித்துக்கொண்டிருந்தார். அப்புறம் சார். முகம் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது.

"இப்போ என்னம்மா பண்றது?" என்றார் அங்கிருந்தபடியே, மெதுவான அதே குரலில்.

'இப்போ' என்ற சொல்லை அவர் வாயிலிருந்து அவள் கேட்டது அதுவே முதல் தடவை. திட்டலாம் என்று பார்த்தாள். திட்டுவதற்கு ஒன்றும் வரவில்லை. அவரும் தன்னைப் போலவே கையைப் பிசைந்துகொண்டு நிற்கிற ஒரு மனிதர்தான்.

"அக்கா," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "கை மரத்துப்போச்சு."

"கொஞ்சம் பொறுத்துக்கோ. வந்துடுவாங்க."

"விரல் இருக்கா இல்லையான்னே தெரியல. இறங்கிடவா?"

"வேணாம். முக்காலி ஆடும்."

"மேசைல வச்சுடவா?"

"வேணாம். இடமில்ல. குனியணும்."

"அப்ப நீ வந்து வாங்கிக்கறியா?"

"வேணாம்டா. ரெண்டு பேர் கை பட்டா நழுவிடும்."

 கோபமாகக்கூட இல்லாமல், களைத்துப்போய் அவன் கேட்டான். "எல்லாத்துக்கும் வேணாங்கற. அப்ப என்னதான் வேணுங்கற?"

 இத்தனை வருடமாக அவள் எது கூடாது என்றுதான் படித்திருந்தாள், எது கூடாது என்றுதான் சொல்லியிருந்தாள். கூடாதது எல்லாம் நடந்து முடிந்த பிறகு என்ன செய்ய வேண்டும் என்பதற்கு, அப்படி நடக்கவே விடாதீர்கள் என்பதைத் தவிர அவளிடம் எதுவும் இல்லை. போனில் இருந்தவரை மறுபடி கூப்பிட்டாள். பாதி வழியில் இருக்கிறோம், அசையாமல் நிற்கச் சொல்லுங்கள் என்றார். தம்பியின் முழங்கை கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது.

அவள் அந்தக் கட்டையைப் பார்த்தாள். அது மட்டும் இல்லையென்றால் பாட்டிலை அப்படியே தட்டுக்குள் தள்ளிவிடலாம். இன்னும் ஒரு விரல் உயரம் வைங்கண்ணே.

"வை," என்றாள்.

"எங்க?"

"எடுத்த இடத்துலயே. கட்டைக்கு மேல தூக்கி உள்ள இறக்கு. அடி முழுசா உக்காந்ததும் கையை எடு. நகத்தால தட்டிடாதே."

"இடிக்காதா?"

"இடிக்காம வை."

இதைச் சொல்ல உனக்கு என்ன தெரியும் என்று உள்ளே ஒன்று கேட்டது. ஒன்றும் தெரியாதுதான். வேறு வழி இருந்தால் அவள் இதைச் சொல்லியிருக்க மாட்டாள்.

"நீ சுவருக்கு அந்தப் பக்கம் போ," என்றான்.

"நான் இங்கதான் இருப்பேன்."

"நீ பாத்துக்கிட்டு நின்னா எனக்குக் கை நடுங்கும்க்கா. சின்ன வயசுலேருந்து அப்படித்தான். போ."

அவள் போனாள். தாழ்வாரத்துச் சுவரில் முதுகை ஒட்டி, கண்ணை மூடாமல், எதிர்ச்சுவரில் இருந்த பாதுகாப்பு அறிவிப்புப் பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒட்டியது அவளேதான். ஓர் எழுத்துகூட மூளைக்குள் ஏறவில்லை. உள்ளே அவன் மூச்சை இழுப்பது கேட்டது. முக்காலி முனகியது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை. பிறகு, கண்ணாடிமேல் கண்ணாடி உரசி, கிண் என்று ஓர் ஒலி.

அவ்வளவுதான். வேறெதுவும் நடக்கவில்லை. பாட்டில் பக்கத்துப் பாட்டிலில் உரசியிருக்கிறது. அந்தச் சின்ன ஒலிக்கும் அடுத்ததுக்கும் நடுவில் அவள் மூச்சு விட்டாளா என்று அவளுக்கே தெரியாது. அடுத்ததாகக் கேட்டது முக்காலியிலிருந்து கால் தரையில் படும் ஓசை. அவன் வெளியே வந்தான். இரண்டு கைகளும் இன்னும் நெஞ்சருகே, பாட்டிலைப் பிடித்த வாக்கிலேயே மடங்கியிருந்தன. அவளால் அவற்றைப் பிரிக்க முடியவில்லை. அப்படியே தோளைப் பிடித்து மாடிப்படி வழியாக அழைத்துக்கொண்டு போனாள்.

வந்தவர்கள் கனத்த உடையும் தலைக்கவசமுமாக உள்ளே போய், எப்படியோ அதை ஓர் இரும்புத் தொட்டியில் வைத்து விளையாட்டு மைதானத்துக்குக் கொண்டுபோனார்கள், அங்கேயே வெடிக்கவைத்து அழிக்க. மாணவர்கள் வேலிக்கு இந்தப் பக்கம் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பெரிய கதவை யாரோ ஓங்கிச் சாத்தியது போன்ற சத்தம் ஒன்று நெஞ்சுக்குழியில் வந்து இடித்தது. சிலர் கை தட்டினார்கள். தம்பி தன் கையைப் பார்த்துக்கொண்டான்.

பொறுப்பதிகாரி தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டு அவர்களிடம் வந்தார். பாராட்டவும் இல்லை, குறை சொல்லவும் இல்லை.

"அந்த அறையை நாளைக்கு முழுசா பாக்கணும். எல்லா அலமாரியும். எது எங்க இருக்குன்னு தெரிஞ்ச ஆள் ஒருத்தர் கூட நின்னு காட்டணும்."

"நான் வரேன்," என்றாள் அக்கா.

"உங்களுக்கு அந்த அலமாரிங்க தெரியுமாம்மா?"

அவளுக்குக் கிடங்கு தெரியும். அந்த அலமாரிகள் தெரியாது. அப்புறம் சார் தரையைப் பார்த்தபடி, "அடுக்கறது எடுக்கறதெல்லாம் இவன்தாம்மா. இவனுக்குத்தான் கொஞ்சமாவது தெரியும்," என்றார். பிறகு ஏதோ சொல்ல வாயெடுத்தார். "அப்புறம்" என்ற வரைக்கும் வந்தது. மீதி வரவில்லை.

வீட்டில் எதையும் சொல்ல வேணாம் என்று வரும் வழியில் அவர்கள் பேசி வைத்துக்கொள்ளவில்லை. இருவருமே சொல்லவில்லை. சோப்புத்தூள் மறந்துபோயிருந்தது.

"அவ்வளவு பெரிய மீட்டிங்ல என்னதான் பேசினீங்க?" என்றாள் தம்பி மனைவி, ஊறிக் கிடந்த துணியைக் காட்டி. "ஒரு டப்பா சோப்புத்தூள். அது கூடவா மண்டையில நிக்காது?"

தம்பி தண்ணீர் குடித்தான். குடித்து முடித்த டம்ளரை இரண்டு கையாலும் நெஞ்சருகே பிடித்தபடி கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தான். பிறகு மேசைமேல் இறக்கினான். முதலில் அடிவிளிம்பின் ஒரு ஓரம், அப்புறம் மெல்ல மறு ஓரம். ஒரு சத்தமும் வரவில்லை. விரல்களை ஒவ்வொன்றாக எடுத்தான்.

"இதென்ன புதுப் பழக்கம்?" என்று அவள் சிரித்தாள். "டம்ளரைத் தூங்க வைக்கறாரா?"

அக்கா எழுந்து போய்க் கேஸ் வால்வைப் பார்த்தாள். மூடித்தான் இருந்தது.

மறுநாள் காலையில் அவன் வழக்கம்போல் குனிந்து காலணிக் கயிற்றைக் கட்டினான். முடிச்சு இரண்டு முறை நழுவியது. அக்கா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய சொல் தொண்டைவரை வந்தது. போகாதே என்று சொன்னால் அவன் போகமாட்டான். இத்தனை வருடத்தில் அவள் சொல்லை உண்மையிலேயே கேட்ட ஒரே ஆள் அவன். ஆனால் அவன் போகாவிட்டால், எது எங்கே இருக்கிறது என்று தெரியாத வேறு யாரோ ஒருவர் அந்த அலமாரிகளைத் திறப்பார். வேலையும் அதோடு போகும். அவனுக்குக் கேட்டு வாங்கித் தர அவளிடம் இன்னொரு வாசல் இல்லை.

"என்னக்கா? ஏதாவது சொல்லணுமா?"

"ஒண்ணுமில்ல."

"வரலையா?"

அவள் ஆணியிலிருந்து சாவிக்கொத்தை எடுத்தாள்.

"அந்த முக்காலி மேல மட்டும்," என்று தொடங்கினாள்.

"ஏறலைக்கா," என்றான் அவன், அவள் முடிக்கும் முன்பே. படி இறங்கத் தொடங்கியிருந்தான். கைப்பிடியைக் கெட்டியாகப் பிடித்திருந்தான்.

அவள் கதவைப் பூட்டினாள். கேஸைப் பார்க்க மறுபடி திறக்கவில்லை. அவனுக்குப் பின்னால் இறங்கினாள்.